நாயுடு காரின் புது எஞ்சினும் குறைந்துபோன ஆயிலும்

புதிதாகக் கட்டிய எஞ்சினை ரன்னிங் விடுவது, அதாவது கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டிப் பழக்குவது பற்றி என்னிடம் கேட்க வருகிற தம்பிகள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறீர்கள். எத்தனை மைல் விட வேண்டும், எந்த வேகத்தைத் தாண்டக் கூடாது, முதல் ஆயிலை எப்போது வடிக்க வேண்டும். இதெல்லாம் கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுக்கிற புத்தகத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல நான் எதற்கு? அந்தப் புத்தகத்தை எழுதினவனுக்குக் கோதண்ட நாயுடுவைத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் அவர் கதையைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். நான் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி. பெட்ரோல் வாங்கினால் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்காமல் டேங்கில் ஊற்ற மாட்டேன். சீமைச் சரக்கு என்று ஒருவன் சத்தியம் செய்து கொடுத்தால், அவன் சத்தியம் செய்ததற்காகவே அதை இன்னொரு முறை அளந்து பார்ப்பேன். என் வீட்டுக்காரி, "மோர் குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டு தான் குடிக்கிறாரு, நான் இன்னாமோ கலந்து வச்சிட்டாப்புல" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். இந்தப் புத்திதான் எனக்குக் கடைசிவரை சோறு போட்டது. ஆனால் சந்தேகப்படுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. எதை முதலில் சந்தேகப்படுவது, எதைக் கடைசியில் சந்தேகப்படுவது என்று தெரியாதவன் கையில் ஸ்பானரைக் கொடுக்கக் கூடாது.

நாற்பதுகளில், உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோல் கூப்பன் முடியாத காலம் அது. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற வழியில் என் ஷெட். எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அரக்கோணத்தில் வேலை பழகி, இங்கே வந்து சொந்தமாகக் கொட்டகை போட்டிருந்தேன். ஊரில் எல்லோருக்கும் நான் பாய். பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் என் வீட்டுப் பெரியவர்கள் மட்டும்தான்.

கோதண்ட நாயுடுவுக்குக் கனகம்மாசத்திரத்துப் பக்கம் நிலம், திருத்தணியில் வீடு, வாடகைக்கு விட ஒரு பழைய கார். ரயிலில் வந்து இறங்கி மலையேறிச் சாமி பார்த்தவர்கள், அப்படியே நகரிக்கும் திருப்பதிக்கும் போக அந்தக் காரைத்தான் தேடுவார்கள். நாயுடுவும் சந்தேகப் பேர்வழிதான். எனக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம். நான் பொருளைச் சந்தேகப்படுவேன், அவர் ஆளைச் சந்தேகப்படுவார். பால்காரன், வண்ணான், உழுகிறவன், கணக்குப்பிள்ளை, சொந்த மச்சான், யாரும் தப்பியதில்லை. வீட்டு அரிசிப் பானையில் அரிசியைச் சமன் செய்து, மேலே விரலால் கோலம் மாதிரி ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார் என்று அவர் வீட்டில் வேலை செய்தவள் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் காரின் எஞ்சின் தேய்ந்துபோய்க் கடகடவென்று அடிக்க ஆரம்பித்ததும் என்னிடம் கொண்டுவந்தார். சிலிண்டர்களை மதராசுக்கு அனுப்பிக் கடைந்து வாங்கி, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டு, அடியிலிருந்து முழுசாகக் கட்டினேன். நான் தனியாகக் கட்டிய எஞ்சின்களில் இது பெரியது. வண்டியைக் கொடுக்கும்போது நாயுடுவையும் டிரைவரையும் பக்கத்தில் நிற்கவைத்துச் சொன்னேன். மணிக்கு முப்பது மைலுக்கு மேல் போக வேண்டாம். ஆள் நிறைய ஏற்ற வேண்டாம். ஆனால் ஒரேயடியாக உருட்டிக்கொண்டும் போகக் கூடாது. நல்ல ரோடு வந்தால் சற்று அழுத்தி, எஞ்சினை இழுக்கவிட்டு, உடனே காலை எடுத்துவிட வேண்டும். மறுபடி அழுத்தி, மறுபடி எடுக்க வேண்டும். புது ரிங்கும் புது சிலிண்டரும் ஒன்றோடு ஒன்று தேய்ந்து பொருந்துவதற்கு அந்த அழுத்தம் வேண்டும். டிரைவர் தலையாட்டினான். நாயுடுவின் காதில் "முப்பது மைலுக்கு மேல் வேண்டாம்" என்பது மட்டும் விழுந்திருக்கிறது. மீதியை அவர் கேட்கவில்லை, அல்லது அது டிரைவருக்கு நான் கொடுக்கிற சலுகை என்று நினைத்துக்கொண்டார்.

டிரைவர் பெயர் முனிரத்தினம். சண்டையில் லாரி ஓட்டினவன். அஸ்ஸாம் பக்கம் மலைச் சேற்றில் ஓட்டிவிட்டுக் காய்ச்சலோடு திரும்பி வந்தான். பெண்டாட்டி அம்மையார்குப்பத்துக்காரி, அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் தறி நெய்கிறவர்கள். இவனுக்குத் தறியும் தெரியாது, ஏரும் தெரியாது. ஓட்டத்தான் தெரியும். அந்தக் காலத்தில் பட்டாளத்திலிருந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஓட்டத்தான் வண்டி இல்லை. கிடைத்த ஒரு ஸ்டியரிங்கை அவன் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும். அதிகம் பேச மாட்டான். கேட்டால் ஆங் என்பான், இல்லை என்பான்.

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. காவடி எடுத்து வருகிற கூட்டத்தில் ஒரு கார் வைத்திருக்கிறவனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் ரன்னிங் முடிந்து வண்டி தயாராகிவிட வேண்டும் என்பது நாயுடுவின் கணக்கு.

ஒரு மத்தியானம் அந்தக் கார் ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்றது. நாயுடு கதவை அறைந்து சாத்தின சத்தத்திலேயே வில்லங்கம் என்று தெரிந்துவிட்டது. முனிரத்தினம் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"பாய், நீ கட்ன எஞ்சின் ஆயில் குடிக்குதா?"

"இன்னா நாய்டுகாரு, வந்ததும் வராததுமா? உக்காருங்க."

"உக்கார்றது அப்பறம். குடிக்குமா, குடிக்காதா?"

"புது எஞ்சின் மொதல்ல கொஞ்சம் குடிக்கும். போகப்போக நின்னுடும்."

"இது நிக்கல. ஏறிகினே போவுது. நான் அளவுக் கம்பில கோடு வரைக்கும் ஊத்தி வைக்கிறேன், நாலு நாள்ல பாதிக்கு வந்துடுது. ஆயில் டின்னு கெடைக்கறதே குதிரக் கொம்பா கீது. அத்த யாரு பாட்டில்ல புடிச்சி வித்துகினு கீறான்னு எனக்குத் தெரியும்."

அவர் யாரைச் சொன்னார் என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. காருக்குள் இருந்தவன் காதிலும் அது விழுந்தது.

நாயுடு விட்டுப்பிடிக்கிற ஆள் இல்லை. தான் செய்த காரியத்தைப் பெருமையாகச் சொன்னார். தினமும் காலையில் பானெட்டின் கொக்கி மேல் குங்குமத்தைக் குழைத்து ஒரு பொட்டு வைத்துவிடுவாராம். யாராவது திறந்தால் பொட்டு உடைந்துபோகும். சாயங்காலம் வந்து பார்ப்பாராம்.

"பொட்டு ஒடஞ்சிருந்துதா?" என்றேன்.

"இல்ல."

"அப்ப யாரும் தொறக்கலியே?"

"அதான் பாய் சொல்றேன், எப்பேர்ப்பட்ட திருடன் பாரு. தொறந்துட்டு, கோயில் குங்குமத்த வச்சி மறுபடியும் அதே மாரி பொட்டு வைக்கிறான்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பொட்டு உடைந்திருந்தால் அவன் திருடன். உடையாவிட்டால் கெட்டிக்காரத் திருடன். நாயுடுவின் சந்தேகத்துக்குள் ஒருவன் நுழைந்துவிட்டால் வெளியே வர வழி கிடையாது.

சிரிப்பு அடுத்த நிமிஷமே போய்விட்டது. நாயுடு என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"நீ ஒரு வார்த்த சொல்லு பாய். எஞ்சின் மேல கொற இல்லன்னு சொல்லு, போதும். நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு இட்டுகினு போயி ஒப்படைச்சிட்றேன். லைசென்சு, மிலிட்டரி காய்தம் எல்லாம் அத்தோட போவட்டும். இல்ல, எஞ்சின் மேல தான் கொறன்னா அத்தயும் சொல்லு. பாய் கட்ற எஞ்சின் இப்டித்தான்னு ஊருக்கும் தெரியட்டும்."

இந்த இடத்தில்தான் தம்பிகளே நீங்கள் நிறுத்தி யோசிக்க வேண்டும். முனிரத்தினம் திருடன் என்றால் என் எஞ்சின் நல்ல எஞ்சின். முனிரத்தினம் யோக்கியன் என்றால் என் வேலை மோசம். ஒரு வார்த்தை சொன்னால் என் பேர் பிழைத்துவிடும். அந்த வார்த்தை பொய்யாகக்கூட இருக்க வேண்டியதில்லை. ஆயில் திருடுகிற டிரைவர்கள் அந்த நாளில் இல்லாமல் இல்லை. நானே சிலரைப் பார்த்திருக்கிறேன். அடியில் குனிந்து பார்த்தேன், ஒழுகின அடையாளம் இல்லை. ஷெட்டில் நின்றபடி ஓடவிட்டுப் பார்த்தேன், புகை பெரிதாக இல்லை. எல்லாமே அவனுக்கு எதிராக, எனக்கு வசதியாக வந்து நின்றது.

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு வசதியான பதில் ஒன்று இவ்வளவு சுலபமாகக் கையில் வந்து விழுந்தால், முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். நான் சொன்ன வரிசையில் முதல் இடம் அதற்குத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

"வண்டிய இங்க வுட்டுட்டுப் போங்க," என்றேன். "நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு இன்னா? இப்பவே சொல்லு."

"பாக்காம சொல்ல மாட்டேன் நாய்டுகாரு. அவசரம்னா வேற எடத்துல கேட்டுக்கங்க."

வேறு இடம் என்றால் அரக்கோணம் போக வேண்டும். நாயுடு முனகிக்கொண்டே நடந்து போனார். முனிரத்தினம் இறங்கி, சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். அது என்னைக் குத்தியது. நான் அவனை ஒன்றும் சொல்லவில்லையே, என்மேல் என்ன கோபம் என்று நினைத்தேன். விஷயம் பிறகுதான் விளங்கியது.

பிளக்குகளைக் கழற்றினேன். எல்லாம் கறுத்து, ஆயிலில் நனைந்து வழவழவென்று இருந்தன. ஆக ஆயில் உள்ளேதான் எரிகிறது. கொஞ்சமாவது எரிகிறது. ரிங்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டேனோ? ஒரு ரிங்கின் வெட்டுக்கு நேராக அடுத்த ரிங்கின் வெட்டு வந்துவிட்டதோ? கட்டின அன்றைக்கு என் கை செய்ததை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். என் கைமேல் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அதுவும் எனக்கு வசதியான பதில்தானே? நம்பாமல், வண்டியை நானே ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு போனேன். கொடுத்த பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை ஓட்டினேன்.

ஊரைத் தாண்டியதும் ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். கால் பாதியிலேயே நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினேன், அசையவில்லை. வண்டியை ஓரங்கட்டி, காலடியில் விரித்திருந்த மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். பெடலுக்கு அடியில் பலகையோடு சேர்த்து ஒரு மரக்கட்டை அடித்திருந்தது. நல்ல தச்சன் வேலை. மூலைகளைக்கூட இழைத்திருந்தான். மேலே மிதியடி மூடியிருந்ததால் பார்க்கிறவனுக்குத் தெரியாது. கால் வைக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்பி நேராக நாயுடு வீட்டுக்குப் போனேன்.

"ஆங், நான் தான் வச்சேன்," என்றார், பாராட்டை எதிர்பார்க்கிறவர் மாதிரி. "மிலிட்டரிக்காரன் காலு பாய் அது. நீ ஆயிரம் சொன்னாலும் அழுத்தாம இருக்குமா? அதான் பந்தோபஸ்து பண்ணிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாரக்கணக்கில் அந்த எஞ்சின் ஒரு தடவைகூட மூச்சைப் பிடித்து இழுக்கவில்லை. எப்போதும் அரை மூச்சு. ரிங் சிலிண்டரில் நன்றாக அழுந்தித் தேய வழியே இல்லை. லேசாக உரசி உரசி, சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி மழமழப்பாகிவிட்டது. ரிங் பொருந்தவில்லை என்றால் அந்த இடுக்கில் ஆயில் மேலே ஏறி எரியும். நாயுடு எஞ்சினைக் காப்பாற்ற வைத்த கட்டைதான் ஆயிலைத் தின்றது. இதை அவருக்குப் புரிகிற மாதிரி பொறுமையாகச் சொன்னேன்.

அவர் முழுசும் கேட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் எப்ப பேசி வச்சிக்கினீங்க?" என்றார்.

திருடன் கணக்கில் நானும் சேர்ந்துவிட்டேன். இனி வாயால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தேன். மறுநாள் கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவர் கண்ணெதிரே கோடு வரைக்கும் ஆயில் ஊற்றினேன். காரில் ஆள் ஏற்றச் சொன்னேன். எஞ்சின் இழுப்பதற்குப் பாரம் வேண்டுமே. நாயுடு தன் அக்கா புருஷரைக் கூட்டிவந்தார். அந்தப் பாவாவே இரண்டு ஆளுக்குச் சமம். கூட நிலத்தில் வேலை செய்கிற இரண்டு பேர். நாயுடு பின்னால், நான் முன்னால்.

"யார் ஓட்றது?" என்றார் நாயுடு.

"முனிரத்தினம்."

"திருடன் கையிலயா வண்டிய குடுக்கற?"

"இத்தினி நாளா இத்த ஓட்னவன் அவன். எஞ்சின் சத்தம் எப்பிடி இருந்துது, இப்ப எப்பிடி மாறுதுன்னு அவன் காதுக்குத் தான் தெரியும். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

முனிரத்தினத்தைக் கூப்பிட்டு அனுப்பினோம். வந்தான். சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகத்தான் அழைக்கிறார்கள் என்று நினைத்தானாம். அவன் பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, எங்கள் கொட்டகைக்கு எதிரில் நின்றாள். எஞ்சின் இன்றைக்குச் சூடேறி இறுகி நின்றுபோனால் அத்தோடு நாங்கள் இரண்டு பேரும் தீர்ந்தோம்.

நகரி ரோட்டில் போனோம். மேடு வந்த இடத்தில் அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். வண்டி முக்கிக்கொண்டு ஏறியது. காலை எடுக்கச் சொன்னேன், எடுத்தான். மறுபடி அழுத்தச் சொன்னேன். இப்படியே கொஞ்ச தூரம் போனது. இன்னொரு மேட்டில் பாதி ஏறியிருப்போம், நான் சொல்லாமலே அவன் காலை எடுத்துவிட்டான்.

"அழுத்துடா!" என்று நாயுடு கத்தினார். "பாய் சொன்னாரில்ல, அழுத்துனா தான் சரியாவும்னு? பாத்தியா பாய், நடிக்கிறான். எஞ்சின் சரியாயிட்டா இவன் குட்டு ஒடஞ்சிடும்."

"சூடு ஏறுது பாய்," என்றான் முனிரத்தினம், என்னை மட்டும் பார்த்து. "சத்தம் கெட்டியாவுது. இன்னும் அழுத்துனா புடிச்சிக்கும்."

எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. காரில் ஆறு பேர், நாயுடுவின் கத்தல் வேறு. அழுத்துவதுதான் மருந்து என்று சொன்னவன் நான். இப்போது நிறுத்தச் சொன்னால் நானே என் பேச்சை விழுங்கின மாதிரி ஆகும். அழுத்தச் சொல்லி அது இறுகிக்கொண்டால் பிஸ்டன், சிலிண்டர் எல்லாம் வீண். பின்னால் இருப்பவர் கத்தினதும், முன்னால் இருப்பவன் மெதுவாகச் சொன்னதும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தன. கத்துகிறவருக்கு எஞ்சினைத் தெரியாது. மெதுவாகச் சொன்னவனுக்கு, எஞ்சின் போனால் வேலை மட்டுமில்லை, வாழ்க்கையே போகும். பொய் சொல்ல அவனுக்கு என்ன லாபம் என்று யோசித்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"ஓரங்கட்டு," என்றேன்.

புளியமர நிழலில் நிறுத்தினான். பானெட்டைத் திறந்து கை வைத்தபோதே தெரிந்துவிட்டது. வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன். இன்னும் ஒரு மேடு ஏறியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆறட்டும் என்று உட்கார்ந்தோம். பாவா மடியிலிருந்து பொரியை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். நாயுடு மட்டும் உட்காராமல் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

ஆறினதும் மறுபடி புறப்பட்டோம். நீளமான சரிவு வந்தது. காலை எடுத்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்கச் சொன்னேன். அடியில் வந்ததும், "இப்ப அழுத்து" என்றேன். அழுத்தினான்.

பின் ஸீட்டிலிருந்து பாவாவின் குரல் வந்தது. "தேவுடா! பின்னாடி ரோட்டையே காணோமே!"

நாயுடு திரும்பிப் பார்த்தார். பின் கண்ணாடி முழுக்க நீலப் புகை. சரிவில் இறங்கும்போது ரிங் இடுக்கில் ஏறித் தேங்கின ஆயில், அழுத்தினதும் மொத்தமாக எரிந்தது. சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒருவன் இறங்கி, வேட்டி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் திட்டினான்.

"உங்க ஆயில் அங்க போவுது நாய்டுகாரு," என்றேன். "பாட்டில்ல இல்ல."

நான் முனிரத்தினம் பக்கம் திரும்பினேன். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அது எனக்கு உறைத்தது.

"இந்தப் பொகைய நீ முன்னாடியே பாத்திருக்கியா?"

"ஆங். மொத வாரத்துலருந்தே. சரிவுல எறங்கிட்டு அழுத்தும்போது லேசா வரும். கண்ணாடில தெரியும்."

"ஏம்பா, அத்த சொல்றதுக்கு இன்னா?"

அவன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "கட்டைய நீங்க வச்சதுன்னு நெனச்சிகினு இருந்தேன் பாய். வண்டி உங்க ஷெட்லருந்து வந்த மறுநாளே அது இருந்துது. மொதலாளியும் நீங்களும் சேந்து எம்மேல காவல் போட்டுட்டீங்கன்னு வுட்டுட்டேன். பொகை வருதுன்னு நான் சொல்லியிருந்தா, திருடுறத மறைக்கக் கதை வுடறான்னு தானே சொல்லியிருப்பீங்க?"

அதிகம் பேசாத ஆள் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். என்னைப் பார்க்காமல் சாவியை வைத்துவிட்டுப் போனதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

தம்பிகளே, ரன்னிங்கில் இருக்கிற எஞ்சினுக்கு மீட்டர் என்று ஒன்று இருந்தால், அது ஓட்டுகிறவனின் கண்ணும் காதும்தான். நமக்கு வண்டி வாரத்துக்கு ஒருநாள் வரும். அவன் நாள் முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான். அவனை மிரட்டி வாயை மூடவைத்துவிட்டால், மீட்டரை நீங்களே பிடுங்கிப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்கப்புறம் எவ்வளவு பெரிய மெக்கானிக்காக இருந்தாலும் குருடன்தான். வண்டி கொடுக்கும்போது முதலாளியிடம் பேசுவதைவிட டிரைவரிடம் அதிகம் பேசுங்கள். அவன் கொண்டுவருகிற செய்தி உங்கள் வேலைக்குக் கெட்ட பேர் தருகிற செய்தியாக இருந்தால், இன்னும் மரியாதையாகக் கேளுங்கள். நான் என் ஷெட்டில் இருந்தவரை அப்படித்தான் செய்தேன்.

அந்த எஞ்சினைத் திறந்து, சிலிண்டரை மறுபடி உரசிவிட வேண்டியிருக்குமோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அல்லாஹ் காப்பாற்றினான், அதிகம் கெட்டுப்போவதற்கு முன்னால் பிடித்துவிட்டோம். ஆறவிட்டு, அழுத்தி, எடுத்து, முனிரத்தினம் தினமும் அதைப் பழக்கினான். என்னிடம் ஒவ்வொரு நாளும் வந்து சத்தம் எப்படி, புகை எப்படி என்று சொல்லிவிட்டுப் போனான். புகை மெலிந்தது, பிறகு நின்றது. ஆடிக் கிருத்திகைக்கு வந்த கூட்டத்தில் அந்தக் கார் ஓய்வில்லாமல் ஓடியது. ஊற்றின ஆயில் ஊற்றின கோட்டிலேயே நின்றது. நாயுடுவும் ஸ்டேஷன் பேச்சை விட்டார், குங்குமப் பொட்டையும் விட்டார். மன்னிப்பு கேட்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. அதற்குப் பதிலாக முனிரத்தினத்துக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான்.

வேலையை விட்டுவிடுவான் என்று நான் நினைத்தேன். விடவில்லை. வருஷக்கணக்கில் அவரிடமே ஓட்டினான். ஆனால் கிருத்திகை முடிந்த மறுநாளிலிருந்து ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தான். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் நாயுடு வீட்டு வாசலில் போய் நிற்பான். "மொதலாளி" என்று கூப்பிடுவான். அவர் வெளியே வந்ததும் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அவர் முன்னால் நீட்டுவான். அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வண்டியைக் கிளப்புவான்.

முதலில் நாயுடுவுக்கு அது பிடித்திருந்தது. பையன் பயந்துவிட்டான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். கொஞ்ச நாள் போனதும் சொல்லாமல் விட்டார். அப்புறம் காலையில் வெளியே வரவே தயங்க ஆரம்பித்தார். வராவிட்டாலும் முனிரத்தினம் நகர மாட்டான். சவாரிக்கு நேரமானாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பான். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். அவர் மகள் கல்யாணத்தன்றுகூடப் பந்தலுக்குள் வந்து நின்றிருக்கிறான். சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் கம்பியைப் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியில் நாயுடு என்னிடமே வந்தார். பாதி ஆளாக இளைத்த மாதிரி இருந்தார். "நீ சொன்னா கேப்பான் பாய். நான் அவன நம்பறேன்னு எடுத்துச் சொல்லு. இந்தக் கம்பிய மட்டும் என் மூஞ்சிக்கி நேரா நீட்ட வேணாம்னு சொல்லு."

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். நாயுடு பல்பொடிக் கையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். முனிரத்தினம் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பேசுவதற்குள் நாயுடுவே பேசிவிட்டார். குரல் கெஞ்சியது.

"போதும்பா முனிரத்தினம். நான் உன்ன நம்பறேன்பா."

முனிரத்தினம் கம்பியை உள்ளே விட்டு, எடுத்தான். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாயுடுவுக்குத் திருப்பிச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

"தெரியும் மொதலாளி. இந்தக் கம்பிய பாத்துட்டு தானே நம்புனீங்க? இன்னிக்கும் பாத்துடுங்க."

நாயுடு குனிந்து பார்த்தார்.